எங்கள் வீட்டுப் பியானோவும் இரண்டு பேரக் குழந்தைகளும்

(நமது சபையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட வந்தபோதே செயலாளர் 'எடை அளவும் நுகர்வோர் பாதுகாப்பும்' என்று தலைப்பும் எழுதிக் கொண்டு வந்துவிட்டார். 2003-ல் ஓய்வு பெற்ற நாள் முதல் அதைப் பற்றி இந்தச் சபையில் மூன்று தடவை பேசியிருக்கிறேன். நாலாவது தடவை கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்கலாம், பேச எனக்கு இல்லை. ஆகவே போன ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எடை அளவு அதிலும் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம்.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் ஒரு பியானோவைப் பார்த்திருப்பீர்கள். பல பேர் அதை அலமாரி என்று நினைத்து அதன் மேல் குடையை வைத்ததும் உண்டு. 1988-ல் ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது வாங்கியது. அப்போது எனக்கு மூன்று மாதச் சம்பளம். சுவரோடு சேர்த்து வைக்கும் நிமிர்ந்த வகை. நாலு ஆள் தூக்கி வந்து இறக்கியபோது என் தகப்பனார் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஹார்மோனியத்தையே ரேடியோக்காரன் வேண்டாம்னு தள்ளி வெச்சான். இது அதோட பாட்டனாக்கும். இதை எதுக்குடா ஆத்துக்குள்ளே கொண்டு வரே?"

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. வெகு காலம் அந்த விலக்கு நீடித்தது. கமகம் வராத வாத்தியம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்பது பெரியவர்கள் வாதம். ஆனால் என் மனைவியும் சங்கீதம் படித்தவள். மாமனாருக்கு நேரே பதில் சொல்ல மாட்டாள், சமையலறையிலிருந்து என்னிடம் சொல்வது போலச் சொன்னாள்: "பிடிலும் சீமையிலேர்ந்து வந்ததுதானே? இந்த ஊர் மகாராஜாதான் அதுக்குத் தந்தத்துல பண்ணிக் கொடுத்தார்." ஸ்வாதித் திருநாள் மகாராஜா தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-ல் தந்தப் பிடில் பரிசளித்தது நம் ஊர் சரித்திரம். அப்பா பேசவில்லை. ஊஞ்சல் மட்டும் கொஞ்சம் வேகமாக ஆடியது.

பியானோ வாங்கியது எங்கள் பெண்ணுக்காக. அவளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு டீச்சரிடம் மேல்நாட்டு சங்கீதம் கற்றுக் கொண்டிருந்தாள். நன்றாக வாசித்தாள். அதில் தலையிட்டவன் நான்.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். எடைக் கற்களையும் தராசையும் பெட்ரோல் பம்பையும் சோதித்து முத்திரை வைக்கும் துறை. அதற்கு முன் யூனிவர்சிட்டி காலேஜில் பி.எஸ்ஸி. பௌதிகம். பிழையைக் கண்டுபிடிப்பதே பிழைப்பு என்று இருந்தவன். மாலையில் ஆபீஸிலிருந்து வந்து காபி டம்ளரோடு பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடுவேன். மேல்நாட்டுச் சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் நேற்று வாசித்த மாதிரி இன்று இல்லை என்றால் காது சொல்லிவிடும். "தப்பு" என்பேன். அவள் நிறுத்துவாள், முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இப்படி ஆறு வருஷம்.

1994-ல் ஒரு பரீட்சை. அதற்கு முந்தைய மழைக் காலத்தில், இடது கைப் பக்கம் ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாமல் ஒட்டிக் கொள்ளத் தொடங்கியது. "அப்பா, அந்தக் கட்டை சரியில்லை" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். நான் சொன்னது, "ஆட முடியாதவளுக்குக் கூடம் கோணலாம்." பரீட்சையில் பாஸ் செய்தாள். மேல் வகுப்புக்கு இரண்டு மார்க் குறைந்தது. ராத்திரி சாப்பிடும்போது "அந்த ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்டேன். மறுநாள் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மேஜை மேல் பியானோவின் சாவி இருந்தது. பதினாலு வயதுப் பெண்; கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை கோத்ரெஜ் அலமாரியில் வைத்தேன். அவள் அதன் பிறகு அதைத் தொடவில்லை. படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று, இப்போது பெங்களூரில் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. பியானோவைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

ஒரு விஷயத்தை நான் வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன். பியானோவுக்கு ஈரம் சத்துரு. நம் ஊரிலோ எடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருஷத்தில் இரண்டு மழை. உள்ளே இருக்கும் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரிக்கும். இதற்குப் பழைய வைத்தியம், பெட்டிக்குள் அடியில் ஒரு சின்ன பல்பை எரிய விடுவது. என் மனைவி அந்த பல்பை முப்பது வருஷமாக அணைய விடவில்லை. போனால் மாற்றுவாள். சில வருஷங்களுக்கு ஒரு தடவை கொச்சியிலிருந்து ஆளை வரவழைத்துச் சுருதியும் கூட்டி வைத்தாள், கடைசியாக 2019-ல். யார் வாசிக்கப் போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த வருஷம் பெண்ணுக்கு ஆபீஸ் வேலையாக வெளிநாடு போக வேண்டியிருந்தது. ஏழு வாரத்துக்குக் குழந்தைகளை எங்களிடம் விட்டாள். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. வந்த மூன்றாம் நாள், "தாத்தா, இந்த மேஜையை ஏன் பூட்டி வெச்சிருக்கேள்?" என்று பேரன் கேட்டான். நான் பதில் யோசிப்பதற்குள் பாட்டி சாவியைக் கொண்டு வந்துவிட்டாள். திறந்து விட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நீங்க வாயைத் திறக்கப்படாது. கேட்டேளா? என்ன வந்தாலும் வாயைத் திறக்கப்படாது."

முதல் இரண்டு நாள் வீடு வீடாக இல்லை. பெங்களூர் ஃப்ளாட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து எல்லாவற்றையும் சத்தம் குறைத்தே பழகிய குழந்தைகள். இங்கே கட்டையை ஓங்கி அடித்தால் கூடமே அதிர்கிறது. பெட்டிக்குள் இருநூறுக்கு மேல் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் இழுப்பு பதினைந்து, இருபது டன். மேல் மூடியைத் திறந்து சுத்தியல்கள் ஓடுவதைக் காட்டினேன். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபொரி என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு. சுத்தியல் கம்பியை அடித்த உடனே தானே விலகிக் கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் அமுங்கிப் போகும். அதுதான் சூட்சுமம். பேரன் இதையெல்லாம் கேட்டு விட்டு, "உள்ளே பல்பு எரியறதே, யாராவது இருக்காளா?" என்றான்.

அப்புறம் அவன் ஒரு உருப்படி உண்டாக்கினான். நம் ஊரில் ஏப்ரல் சாயங்காலங்களில் இடி இடித்து மழை கொட்டுமே, அதுதான். இடது கோடியில் இரண்டு கையாலும் அடித்துப் பெடலை மிதித்தால் இடி. வலது பக்கம் ஒரு விரலால் தட்டினால் தூற்றல். நடுவில் அந்த ஒட்டிக் கொள்ளும் கட்டை இருக்கிறதே, அதை அமுக்குவான். சத்தம் வராது. விரலால் மெதுவாகத் தூக்கி விடுவான். "இது தூங்கறது" என்றான். இடி, தூக்கம், மழை. ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. சும்மா தட்டுகிறான் என்று நினைத்திருந்தேன். பத்து நாள் கவனித்த பிறகுதான் அந்த மௌனத்தையும் அவன் எண்ணி வாசிக்கிறான் என்று தெரிந்தது.

பேத்தி வேறு மாதிரி. கண்டுபிடிப்பாளர். ஒரு நாள் வந்து, "தாத்தா, கறுப்பை மட்டும் வாசிச்சா தப்பே வராது, தெரியுமோ?" என்றாள். எனக்குத் தெரியாது. எண்பத்தெட்டுக் கட்டை உள்ள வாத்தியத்தை முப்பத்தேழு வருஷமாக வீட்டில் வைத்திருக்கிறேன், இது தெரியாது. உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானம். கறுப்பு ஐந்தில் எந்த இரண்டும் பன்னிரண்டில் அடுத்தடுத்து வருவதில்லை. அதனால் எதை எதோடு சேர்த்து அடித்தாலும் காதைக் குத்தாது.

பாட்டி அதற்கு மேல் போனாள். நம் பாட்டுக்காரர்கள் "ஒரு கட்டை", "ஐந்தரைக் கட்டை" என்று சுருதி சொல்கிறார்களே, அதுவே ஹார்மோனியக் கட்டையை வைத்து வந்த கணக்குத்தான். வெள்ளைகள் ஒன்று முதல் ஏழு, கறுப்புகள் எல்லாம் அரைக் கட்டை. நாலரைக் கட்டையை ஸட்ஜமமாக வைத்துக் கறுப்பை மட்டும் வாசித்தால் மோகனம். ஐந்தரையிலிருந்து அதே ஐந்து கட்டை மத்யமாவதி. ஆறரையிலிருந்து ஹிந்தோளம். இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. கிரஹ பேதம் என்று வித்வான்கள் மேடையில் செய்து காட்டிக் கைதட்டு வாங்குவதை, ஒன்பது வயதுக் குழந்தை ஆரம்பிக்கும் இடத்தை மாற்றி மாற்றிச் செய்தாள். சுத்த சாவேரி என்றதும் பாட்டிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்வாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகளில் ஏழாம் நாளுக்கு உரியது அந்த ராகம்தானே. அங்கே கைதட்டக் கூடாது என்பது சம்பிரதாயம். எங்கள் கூடத்தில் குழந்தைகள் வாசித்து முடித்ததும் தாங்களே கைதட்டிக் கொண்டார்கள்.

வெள்ளைக் கட்டைக்கு நோட்டுஸ்வரம் கற்றுக் கொடுத்தாள். சென்னையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துஸ்வாமி தீக்ஷிதர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தவை, ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். அதில் ஒன்று இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், கமகமே கிடையாது; பியானோவுக்கென்றே செய்தது போல உட்காருகிறது. மூன்றாம் கட்டையிலிருந்து வெள்ளையை மட்டும் வாசித்தால் தோடியின் ஸ்வரங்களும் கிடைக்கும். அதையும் வாசித்துக் காட்டிவிட்டு, "தோடி இல்லை, தோடியோட எலும்புக்கூடு" என்று சிரித்தாள். மாமனார் வாதத்தை அவள் மறக்கவில்லை.

எனக்கும் ஒரு வாதம் இருக்கிறது. பியானோவில் ஸ்தாயியைச் சரி சமமாகப் பன்னிரண்டாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் 1.0595 மடங்கு. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜமத்தைப் போல் 1.25 மடங்கு; பியானோவில் அது 1.2599. நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல் பிழை. நகைக்கடைத் தராசில் இதைப் பார்த்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்தச் சின்னப் பிழையை எல்லா ஸ்வரத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்ததால்தான் எந்தக் கட்டையிலிருந்தும் ஆரம்பிக்க முடிகிறது. பேத்தியின் ஐந்து ராகமும் அதனால்தான் ஒரே பெட்டியில் வந்தன. இதை நான் அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "பாட்டி, தாத்தாவுக்குக் காபி கொடு" என்றாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நோட்டுஸ்வரத்தில் பேத்தி ஒரு இடத்தில் தினமும் மத்யமத்தைத் தவறாக வாசித்தாள். வெள்ளைக்குப் பதில் பக்கத்துக் கறுப்பு. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் எழுந்து போய்ச் சரியான கட்டை மேல் என் விரலை வைத்துவிட்டேன். அவள் நிறுத்தினாள். அந்த நிறுத்தம் எனக்குத் தெரிந்த நிறுத்தம். 1994-க்கு அப்புறம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இவள் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. என் விரலை எடுத்துக் கீழே விட்டாள். "அது எனக்குத் தெரியும் தாத்தா. எனக்கு இப்படித்தான் பிடிக்கறது" என்று மறுபடி அந்தக் கறுப்பையே வாசித்தாள். உள்ளேயிருந்து பாட்டி குரல்: "கல்யாணியாக்கும் அது!" சங்கராபரணத்தில் மத்யமம் ஒன்றை மாற்றினால் கல்யாணி. இருபத்தொன்பதாவது மேளம், அறுபத்தைந்தாவது மேளமாகிவிடுகிறது. நாலு நாளாக நான் பிழை என்று எண்ணிக் கொண்டிருந்தது அது.

இன்னொன்றும் நடந்தது. வலது கோடியின் கடைசிக் கட்டை, வினாடிக்கு 4186 அதிர்வு. பேத்தி அதை அடித்து "கேக்கறதா?" என்றாள். மரம் தட்டும் 'டக்' தவிர ஒன்றும் கேட்கவில்லை. காதில் போடும் மெஷினைக் கழற்றி வைத்திருந்தேன். வயதானால் முதலில் போவது உச்ச ஸ்தாயிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் 'ச', 'ஸ' எல்லாம் நமக்குக் குழம்புகிறது. அவளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு கட்டையாக இடது பக்கம் வந்து, எனக்கு ஸ்வரமாகக் கேட்ட முதல் கட்டையில் பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். "இதுக்கு அந்தப் பக்கம் எங்களோட ரகசியம்" என்று தம்பியிடம் சொன்னாள். அன்று முதல் இரண்டும் பொட்டுக்கு வலது பக்கம் ஏதோ வாசித்து, என்னைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தன. என்ன வாசித்தார்கள் என்று இன்று வரை தெரியாது. முதல் நாள் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பின்னே, அவர்கள் முகத்தைப் பார்த்தாலே போதும் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் யூடியூபில் லிடியன் நாதஸ்வரம் வாசிப்பதைப் பார்த்தார்கள். சென்னைப் பையன், ரஹ்மான் அவர்களின் பள்ளியில் பயின்றவன். 2019-ல் பதின்மூன்று வயதில் அமெரிக்க டெலிவிஷன் போட்டியில் ஜெயித்துப் பத்து லட்சம் டாலர் வாங்கினான். கை ஓடுகிற வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. பேத்தி என்னிடம், "நானும் அப்படி வாசிக்கணுமா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். "மழை பாட்டை இன்னொரு தரம் வாசியுங்கோ" என்றேன்.

மே கடைசியில் பெண் வந்தாள். சொன்னதற்கு ஒரு மணி முன்னாலேயே வந்துவிட்டாள். நான் திண்ணையில் பேப்பர் படித்துக் கொண்டிருந்தேன், உள்ளே இடியும் மழையும் நடந்து கொண்டிருந்தது. கேட்டைத் திறந்தவள் படியிலேயே நின்றாள். என்னைப் பார்த்தாள். "யார் சாவி கொடுத்தா?" என்று கேட்டாள். "அம்மா" என்றேன். உருப்படி முடியும் வரை செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

உள்ளே போனதும் குழந்தைகள் இரண்டும் மேலே விழுந்தன. கறுப்புக் கட்டை சமாசாரத்தைப் பேத்தி மூச்சு விடாமல் சொன்னாள். "தெரியும்" என்றாள் என் பெண். "எனக்கும் உன் வயசிலேதான் தெரிஞ்சது." எங்கள் யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேன்? பாடத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பேன்.

பிறகு நின்றபடியே இடது கையை நீட்டி அந்த ஒரு கட்டையை அமுக்கினாள். அமுங்கியது, எழும்பவில்லை. "இது இன்னும் இப்படியேதான் இருக்கா அப்பா?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நான், "நீ சொன்னது சரிதான். அப்பவே பார்த்திருக்கணும்" என்றேன். கூடத்தில் அதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை. அவள் பேரனின் பக்கத்தில் இடம் பண்ணிக் கொண்டு உட்கார்ந்தாள். என்ன வாசித்தாள் என்பதை விட்டு விடுகிறேன். பாட்டி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. மிளகாய் தாளித்துக் கொண்டிருந்தேன், கண் எரிந்தது என்று பிறகு சொன்னாள். அன்றைக்குச் சமையல் மோர்க்கூட்டும் அப்பளமும்.

வரும் நவராத்திரிக்கு எல்லோரும் வருகிறார்கள். கொலுவுக்கு வரும் மாமிகளைப் பாடச் சொல்வது போல இந்தத் தடவை குழந்தைகள் வாசிப்பார்கள். ஏழாம் நாள் சுத்த சாவேரி. சபையார் அவசியம் வர வேண்டும். எங்கள் வீட்டில் கைதட்டலாம். அதற்கு முன் கொச்சியிலிருந்து ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் அந்தக் கட்டையைப் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்று போனில் சொன்னேன். பேரனுக்கு இது பிடிக்கவில்லை. நேற்று ராத்திரி கூப்பிட்டான்.

"அப்போ அது முழிச்சுண்டுடுமே தாத்தா?"

"ஆமாண்டா, முழிச்சுண்டுடும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அது என்ன சொல்றதுன்னு கேட்டு வையுங்கோ" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.